கொட்டு வாங்காமல் பெட்டி திறப்பதும், வாங்கினால் செய்ய வேண்டியதும்

தேனீப் பெட்டி வைக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள், எத்தனை போத்தல் தேன் கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னாலேயே கேட்பது ஒன்றுதான். "அக்கா, கொட்டாதா?" கொட்டும். இலங்கை மலையகத்தில் பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கறிமிளகாயும் போஞ்சியும் போடுகிற சின்னத் துண்டு நிலத்தில் 12 வருடமாகப் பெட்டி வைத்திருக்கிறேன், இப்போது 9 பெட்டி நிற்கிறது, இந்த மாதத்தில் மட்டும் 4 கொட்டு வாங்கியாயிற்று. கொட்டாது என்று சொல்லி யாரையும் இதற்குள் இழுக்க நான் விரும்பவில்லை. ஆனால் எவ்வளவு கொட்டும், எப்போது கொட்டும், கொட்டினால் உடம்பு என்ன செய்யும், எந்த இடத்தில் பயப்பட வேண்டும், எந்த இடத்தில் பயப்படத் தேவையில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது. பெட்டி வேலை கற்றுத்தர எனக்கு ஆள் இருந்தார், கொட்டைப் பற்றி இதையெல்லாம் சொல்லித்தர அப்போது யாரும் இல்லை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தோட்டத்தில் கொட்டுகிற எல்லாவற்றையும் நாம் குளவி என்றே சொல்லிவிடுகிறோம். கொழுந்து பறிக்கப் போனவர்களைக் குளவி கொட்டி வைத்தியசாலையில் சேர்த்தார்கள் என்று செய்தி வரும், விசாரித்தால் பல தடவை அது குளவியே இல்லை, பெருந்தேனீ, சிங்களத்தில் பம்பரா என்கிறார்களே அது. உயரமான டேர்பன்டைன் மரத்துக் கிளையிலோ பாறை இடுக்கிலோ ஒரே ஒரு பெரிய வதையை, அதாவது தேனடையை, திறந்தவெளியில் தொங்கவிட்டு வாழும். பூக்காலம் பார்த்து மலைக்கு ஏறி வரும், பிறகு இறங்கிப் போய்விடும். அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. நாம் பெட்டியில் வளர்ப்பது அதைவிட மிகச் சிறியது, மரப்பொந்திலும் கல் இடுக்கிலும் இருட்டுக்குள் பல வதைகளை அடுக்கடுக்காகக் கட்டுவது, புத்தகத்தில் ஏபிஸ் செரானா என்று இருக்கும். அந்தக் காலத்தில் மண்முட்டியைக் கவிழ்த்து வைத்துப் பிடித்ததும் இதைத்தான். பம்பரா செய்கிற காரியத்துக்கு இந்தச் சின்னப் பிராணி பழி சுமக்கிறது, பக்கத்து லயத்தார் பெட்டியைத் தூக்கச் சொல்லிச் சண்டைக்கு வருவதும் இதனால்தான். அவர்களைக் கூப்பிட்டு, பெட்டிக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நிற்க வைத்து, பத்து நிமிடம் வாசலைப் பார்க்க விடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

சரி, கொட்டு வாங்காமல் இருப்பதற்கு முதல் வேலை, எந்த நாளில் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வது. கையுறை, வலை எல்லாம் அதற்கு அப்புறம்தான். மூடுபனி இறங்கிய காலையில் திறக்காதீர்கள், மழை வருகிற மாதிரி கருக்கும்போது திறக்காதீர்கள், எங்கள் பக்கத்தில் ஆனி ஆடியில் கச்சான் காற்று வாங்கு வாங்கு என்று வாங்கும், அந்த மாதிரி நாளில் அவசரம் என்றால்கூடத் திறக்காதீர்கள். வெயில் அடித்து, காற்று அடங்கி, காலை 10 மணிக்கு மேல் தேனீக்கள் பாதிப்பேர் பூவுக்குப் போயிருக்கும் நேரம்தான் நல்ல நேரம். வயதான, வெளி வேலைக்குப் போகிற தேனீக்கள்தான் அதிகமாகக் கொட்டுவது, அவை வெளியே இருந்தால் பெட்டிக்குள் மிஞ்சுவது பெரும்பாலும் குஞ்சைப் பார்க்கிற இளசுகள். யூக்கலிப்டஸ் பூத்துத் தேன் ஓடுகிற நாளில் வெறுங்கையைப் பெட்டிக்குள் விட்டால்கூட ஏன் என்று கேட்காத அதே கூட்டம், ஐப்பசி கார்த்திகை மழையில் வேலையில்லாமல் அடைந்து கிடக்கும்போது மூடியைத் தொட்டதும் பாயும். எறும்பு ஏறியிருந்தாலும், வாசலில் உண்மையான குளவி வந்து தேனீ பிடித்துக்கொண்டிருந்தாலும், ராணி செத்துப்போயிருந்தாலும் அவற்றுக்கு நிம்மதி இருக்காது. வழக்கமாகச் சாதுவாக இருக்கிற பெட்டி திடீரென்று கோபப்பட்டால், உள்ளே ஏதோ குறை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அதைத் தேடுங்கள்.

உடுப்பு விஷயத்தில் மலையகத்துக்காரர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது, அதை நான் வேறு எங்கும் எழுதிப் பார்த்ததில்லை. குளிருக்கு நாம் போடுகிற ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும்தான். கம்பளி நூலில் தேனீயின் கால் சிக்கும், சிக்கியது பதறும், பதறியது கொட்டும். அதுவும் கறுப்பு, கடும் காப்பி நிறம் என்றால் இன்னும் மோசம், கரடி, மரநாய் மாதிரி கூட்டைப் பிடுங்க வருகிற பிராணிகள் எல்லாம் கருத்த ரோமக்காரர்கள்தானே, அந்த நிறத்தையும் ரோமத்தையும் கண்டாலே அவை எதிரி என்று எடுத்துக்கொள்கின்றன. பெட்டி திறக்கும் அரை மணி நேரம் குளிரைப் பொறுத்துக்கொண்டு, வெளிர் நிறத்தில் வழவழப்பான பருத்திச் சட்டை போடுங்கள். சட்டைக் கையை ரப்பர் வளையத்தால் மணிக்கட்டில் இறுக்குங்கள், கால்சட்டையைச் சப்பாத்துக்குள்ளோ காலுறைக்குள்ளோ திணியுங்கள், அட்டைக்குப் பயந்து செய்வோமே அதே மாதிரி. பெண்கள் என்றால் தலைமுடியை முழுதாகக் கட்டி மூட வேண்டும். முடிக்குள் போன தேனீ வழி தெரியாமல் சுற்றிச் சுற்றிக் காதுப் பக்கத்தில் 'ஞீ' என்று கத்தும் சத்தம் இருக்கிறதே, கொட்டைவிட அதுதான் ஆளைக் கலக்கும், அந்தக் கலக்கத்தில் நாம் கையை வீசுவோம், வீசினால் மற்றதும் வரும். பவுடர், வாசனைச் சவர்க்காரம், தலையில் பூ, ஒன்றும் வேண்டாம். வேர்த்துக் கொட்டிய உடம்போடும் போகாதீர்கள். முகவலை மட்டும் கண்டிப்பாக வேண்டும், எவ்வளவு பழகினாலும் வேண்டும். நுளம்பு வலைத் துண்டை ஓலைத் தொப்பியில் தைத்துக்கொண்டாலே போதும், வலை மூக்கைத் தொடாமல் தள்ளி நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த மைக்கேல் ஸ்மித் என்பவர், எந்த இடத்தில் கொட்டினால் அதிகம் வலிக்கும் என்று பார்ப்பதற்காகத் தன் உடம்பிலேயே 25 இடங்களில் தேனீயைக் கொட்ட வைத்து 2014இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மூக்குத் துவாரத்துக்குத்தான் முதலிடம், அடுத்தது மேலுதடு. உச்சந்தலை, நடுக்கால் விரல் நுனி, மேற்கை எல்லாம் கடைசி. எனக்கு ஒரு தடவை மேலுதட்டில் விழுந்திருக்கிறது, அவர் சொல்வது உண்மை.

கையுறை பற்றிக் கேட்டால் என் பதில் பலருக்குப் பிடிக்காது. முதல் இரண்டு மாதம் போடுங்கள், அப்புறம் கழற்றப் பாருங்கள். தடித்த கையுறைக்குள் விரலுக்கு உணர்வு இருக்காது, வதை கட்டுகிற மரச்சட்டத்தைத் தூக்கும்போது ஒன்றிரண்டு தேனீயை நசுக்குவோம், நமக்குத் தெரியாது, மற்றத் தேனீக்களுக்குத் தெரிந்துவிடும். நசுங்கியதிலிருந்தும் கொட்டிய கொடுக்கிலிருந்தும் நன்றாகப் பழுத்த வாழைப்பழ வாசனை ஒன்று கிளம்பும், அது அவற்றின் ஆபத்து மணி, 'இங்கேதான், இங்கே கொட்டு' என்று அடையாளம் காட்டுகிற வாசனை. அதில் இருக்கிற ஐசோஅமைல் அசிடேட் வாழைப்பழத்திலும் இருக்கிறது. அதனால்தான் வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டிப் பக்கம் போகாதே என்று பழைய ஆட்கள் சொல்வது. வெறும் விரல் என்றால் தேனீயின் முதுகு தட்டுப்படும், நின்று, அது விலகும் வரை ஒரு மூச்சு பொறுத்து, பிறகு பிடிக்கலாம். கை மெதுவாகப் போக வேண்டும், பாத்திரம் நிறையக் கொதிக்கிற தண்ணீரைத் தூக்கிப் போகிற மாதிரி. வாசலுக்கு நேரே நிற்காமல் பெட்டிக்குப் பின்னாலோ பக்கத்திலோ நின்றுகொள்ளுங்கள், மூச்சைப் பெட்டிக்குள் விடாதீர்கள்.

புகைக்குக் காய்ந்த தேங்காய் மட்டையும் தும்பும் போதும். மெதுவாகக் கனன்று, கையில் பட்டால் சுடாத வெள்ளைப் புகையாக வர வேண்டும். புகை அந்த வாழைப்பழ வாசனையை மறைக்கும், தேனீக்களும் எங்கோ தீ என்று நினைத்துத் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு கொஞ்சம் சாந்தமாகும். ஆனால் நம்ம தேனீக்கு அளவாகக் காட்டுங்கள், வாசலில் இரண்டு ஊது, மூடியைத் தூக்கியதும் ஒரு ஊது. வெளிநாட்டுத் தேனீ மாதிரி நம்ம இனம் பொறுத்துக்கொண்டு இருக்காது, தொந்தரவு கூடினால் ஒரு நாள் காலையில் பெட்டி வெறுமையாகக் கிடக்கும், கூட்டத்தோடு கிளம்பிப் போயிருக்கும். நான் முதல் வருடம் இரண்டு பெட்டியை இப்படி இழந்தேன், கொட்டுக்குப் பயந்து புகையை அள்ளி அள்ளி ஊதியதால் வந்த இழப்பு.

இன்னொன்று, காது. மூடியைத் தட்டினால் நம்ம தேனீக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் 'ஷ்ஷ்' என்று சீறும், தாச்சியில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். அது எச்சரிக்கை மட்டும்தான், அடங்கிவிட்டால் தொடரலாம். அடங்காமல் ஒலி மெல்ல உயர்ந்துகொண்டே போனால், அல்லது ஒரு தேனீ முகத்துக்கு நேரே வந்து வலையில் தொப் தொப்பென்று முட்டினால், அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு முட்டு, இரண்டு முட்டு, அடுத்தது கொட்டு. பார்க்க வந்த வேலை பாதியில் நின்றாலும் பரவாயில்லை, சட்டத்தை வைத்து மூடிவிட்டு வாருங்கள், நாளைக்கும் பெட்டி அங்கேதான் இருக்கும்.

இவ்வளவும் செய்தும் கொட்டு விழும். விழுகிற நேரத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். என் இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே சதைப் பகுதியில் ஒன்று கொட்டியபோது நான் வேண்டுமென்றே ஒரு கணம் உற்றுப் பார்த்தேன். தேனீ முன்னால் இழுத்தது, சுழன்றது, அப்புறம் வயிற்று நுனியைப் பிய்த்துவிட்டுப் பறந்தது. கொடுக்கு என் தோலிலேயே நின்றது, அதன் தலையில் கடுகளவுக்குச் சற்றுப் பெரிதாக, கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு பை. தேனீ போய்விட்டது, ஆனால் அந்தப் பை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது, சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, கொடுக்கு கண்ணுக்குத் தெரியும்படி உள்ளே இறங்கிக்கொண்டே போனது. கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் நம் தோலிலிருந்து அதைத் திருப்பி எடுக்க முடியாது, கொட்டிய தேனீ செத்துப்போகும். குளவிக்கு அப்படி இல்லை, திரும்பத் திரும்பக் கொட்டும். ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது.

ஆகவே முதல் வேலை, கொடுக்கை எடுப்பது. எப்படி எடுப்பது என்று யோசிக்காதீர்கள். விரலால் கிள்ளினால் பை நசுங்கி விஷம் உள்ளே போகும், கத்தி முனையால் பக்கவாட்டில் வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று பல காலமாகச் சொல்லி வந்தார்கள், நானும் அதை நம்பிக் கத்தி தேடி வீட்டுக்குள் ஓடியிருக்கிறேன். 1996இல் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வில் கிள்ளினாலும் வழித்தாலும் வித்தியாசம் இல்லை, தாமதித்தால்தான் தடிப்புப் பெரிதாகிறது என்று தெரிந்தது. பையில் இருப்பதில் பெரும்பகுதி 20 விநாடிக்குள் உள்ளே போய்விடும். அதனால் நகத்தால் ஒரு தட்டு, அல்லது கால்சட்டையில் ஒரு தேய்ப்பு, எது முதலில் முடிகிறதோ அது. அதோடு பெட்டியை விட்டு நடந்து தள்ளிப் போங்கள், ஓடாதீர்கள், கொட்டிய இடத்தில் கொஞ்சம் புகை காட்டுங்கள், இல்லையென்றால் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு அடுத்தது அதே இடத்துக்கு வரும். கையில் கொட்டியிருந்தால் மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றுங்கள், வீங்கியபின் சவர்க்காரம் போட்டு இழுத்தாலும் வராது. பெட்டி திறக்கும் நாளில் போடாமல் வருவதே நல்லது.

அப்புறம் கழுவிவிட்டுக் குளிர்ந்த தண்ணீர். ஐஸ் தேடத் தேவையில்லை, நம்ம பீலித் தண்ணீரே ஐஸ் மாதிரித்தான், பத்து நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டிருங்கள், அல்லது நனைத்த துணியைக் கட்டுங்கள். வலித்தால் பெனடோல், அரிப்புக்குப் பிரிட்டோன் மாதிரி ஒரு ஒவ்வாமைக் குளிசை, தூக்கம் வரும், அதைப் போட்டுக்கொண்டு ஓட்டோ ஓட்டக் கூடாது. சுண்ணாம்பு, வெங்காயம், மண்ணெண்ணெய், இரும்புச் சாவி, தும்பை இலை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். விஷம் தோலுக்கு உள்ளே ஊசி போட்ட மாதிரிப் போய்விட்டது, மேலே பூசுகிற சுண்ணாம்பு அதை எட்டிப் பிடிக்காது, தோலைப் புண்ணாக்காமல் இருந்தால் பெரிய விஷயம். வெங்காயம் குளிர்ச்சியாக இருக்கும், அந்த அளவுக்கு நல்லது. என் அம்மாயி வெங்காயம்தான் தேய்ப்பாங்க, அவங்க கைபட்டாலே வலி குறையும், அது வேறு.

அடுத்த மூன்று நாள் என்ன ஆகும் என்று தெரியாமல்தான் பலர் முதல் கொட்டோடு பெட்டியை விற்றுவிடுகிறார்கள். கொட்டியதும் நெருப்பு வைத்த மாதிரி சுரீர் என்று ஏறும், சில நிமிடத்தில் கடுப்பாக மாறும், அரை மணி ஒரு மணி நேரத்தில் அடங்கும். நல்லாப் போச்சு என்று படுப்போம், விடிந்து பார்த்தால் கை பன் மாதிரி உப்பி இருக்கும். வீக்கம் இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், அப்புறம் வடியும், வடியும்போது அரிப்பு உயிரை வாங்கும், சொறியாதீர்கள், சொறிந்த புண்தான் சீழ் பிடிக்கும். சிலருக்கு விரலில் கொட்டினால் முழங்கை வரைக்கும் வீங்கும், ஒரு கிழமை இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் வீக்கம் கொட்டிய இடத்திலிருந்து தொடர்ச்சியாகப் பரவியிருந்தால் அது அந்த இடத்து எதிர்ப்பு, உயிராபத்து இல்லை, கை தாங்க முடியாமல் வீங்கினால் டாக்டரிடம் காட்டலாம். கண்ணுக்குள் கொட்டினாலோ, வாய்க்குள் தொண்டைக்குள் கொட்டினாலோ மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே வைத்தியசாலை, தொண்டை வீங்கினால் மூச்சுப் போகிற வழி அடைத்துவிடும். தேநீர்க் கோப்பை, சோடாப் போத்தல் விளிம்பில் தேனீ உட்கார்ந்திருப்பதைக் கவனிக்காமல் குடிப்பதால் வருவது இது.

கூட்டமாகக் கொட்டுவது வேறு கதை, அது பெரும்பாலும் பம்பராதான், கொழுந்து மலையில்தான். கழுகு மாதிரிப் பறவை கூட்டைக் கொத்தினாலோ, காற்றில் கிளை ஆடினாலோ, யாராவது கல் எறிந்தாலோ, புகை போனாலோ கிளம்பும், பெட்டித் தேனீ மாதிரிப் பத்தடியில் விடாது, வெகு தூரம் துரத்தும். படுத்துவிடு, அசையாதே என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள், அது கூட்டுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு சுற்றும்போதுதான் பொருந்தும். கூட்டமே வந்துவிட்டால் கூடையைப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டியிருக்கிற படங்கை அவிழ்த்துத் தலையையும் முகத்தையும் மூடி, பாதை தெரிய ஒரு இடைவெளி மட்டும் விட்டு, கூட்டுக்கு எதிர்த்திசையில் ஓடுங்கள், கதவு மூடுகிற வீடோ வாகனமோ கிடைக்கும் வரை. தண்ணீருக்குள் குதிக்காதீர்கள், மூச்சுக்குத் தலை தூக்கும் வரைக்கும் மேலே காத்திருக்கும். பத்து இருபது கொட்டுக்கு மேல் வாங்கியவர், பிள்ளைகள் என்றால் அதற்குக் குறைவாக இருந்தாலும், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒவ்வாமையே இல்லாதவருக்கும் விஷத்தின் அளவு கூடினால் தசை கரைந்து சிறுநீரகம் பாதிக்கும், அது அன்றைக்குத் தெரியாது, மறுநாள் சிறுநீர் தேநீர்ச் சாயம் மாதிரிக் கறுத்துப் போகும்போதுதான் தெரியும்.

இப்போது நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். கொட்டு பழகிவிடும் என்று தேனீ வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. அடிக்கடி கொட்டு வாங்குகிறவர் உடம்பில் விஷத்தைத் தாங்கும் எதிர்ப்புச் சத்து வளரும், எனக்கு முதல் வருடம் முழங்கை வரை வீங்கியது, இப்போது ஒரு சின்னப் பொட்டாக எழும்பி மாலைக்குள் மறைந்துவிடுகிறது. ஆனால் அதே கொட்டுகள் இன்னொருவர் உடம்பை அந்த விஷத்தைப் பகைத்துக்கொள்ளவும் பழக்கும், ஒவ்வாமை என்பது அதுதான். வருடத்துக்கு எப்போதாவது ஒன்றிரண்டு கொட்டு வாங்குகிறவருக்கு, ஓயாமல் வாங்குகிறவரைவிட இந்த ஆபத்துக் கூடுதல். பெட்டியையே தொடாத வீட்டு ஆட்களுக்கும் வரலாம், நம் உடுப்பில் ஒட்டி வருகிற விஷத்தூசியால்கூட, அதனால் பெட்டி வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர் என் அண்ணன். எட்டு வருடம் பெட்டி வைத்திருந்தவர், கொட்டினால் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறவர். கச்சான் காற்று அடங்கிய ஒரு ஆவணி மாதம், கழுத்தில் ஒரே ஒரு கொட்டு. ஐந்து நிமிடம் இருக்கும், "தங்கச்சி, உள்ளங்கை அரிக்குதும்மா" என்றார். கையைப் பார்த்தால் சிவந்து கிடந்தது, சட்டையைத் தூக்கினால் கொட்டாத வயிற்றிலும் முதுகிலும் திட்டுத் திட்டாகத் தடிப்பு. குரல் கரகரத்தது. வாந்தி வருகிறது என்றார், உட்கார்ந்தார். எங்களுக்குத் தெரியவில்லை. ரோட்டுக்கு ஏறினால் ஓட்டோ பிடிக்கலாம் என்று இரண்டு பேர் தோளைக் கொடுத்து அவரை நடக்க வைத்துப் படி ஏற்றினோம். 30 படி ஏறியிருக்க மாட்டார், கண் சொருகி விழுந்துவிட்டார். பிறகு படங்கில் போட்டு நாலு பேர் தூக்கினார்கள். வைத்தியசாலையில் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள், பத்து நிமிடத்தில் கண் திறந்தார். நிற்க வைத்தது, நடக்க வைத்தது, இரண்டும் தவறு என்று டாக்டர் பிறகு சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது, அந்த நிலையில் எழுந்து நிற்பதாலேயே இதயத்துக்கு இரத்தம் வராமல் ஆள் போய்விடலாமாம்.

ஆகவே இதை மட்டுமாவது மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். கொட்டிய இடத்தைத் தாண்டி வேறு எங்கேயாவது ஏதாவது நடந்தால், உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் மாற்றம், மூச்சு இழுப்பு, வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, தலைசுற்றல், எதுவானாலும், அது அவசரம். ஆளை அந்த இடத்திலேயே படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டுகிறது என்றால் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரட்டும், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும், எழுந்து நிற்க மட்டும் விடாதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. தோட்டத்துப் பாதைக்கு அது வந்து சேர நேரமாகும் என்றால் கம்பளியிலோ படங்கிலோ கிடத்தித் தூக்கி ஓட்டோ வரைக்கும் கொண்டுபோங்கள், ஓட்டோவிலும் படுத்தபடி, காலை யாராவது மடியில் தாங்கிக்கொள்ளட்டும். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது, பிரிட்டோன் குளிசை அதற்கு மாற்று இல்லை, குளிசையைக் கொடுத்துவிட்டுக் குறையுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற நேரம்தான் ஆளைக் கொல்கிறது. ஊசிக்குப் பிறகு தேறிவிட்டாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம், டாக்டர் விடும் வரைக்கும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். பிரஷருக்கோ நெஞ்சுப் படபடப்புக்கோ அடெனொலோல், ப்ரோப்ரனொலோல் மாதிரிக் குளிசை எடுக்கிறவர்கள் பெட்டி தொடுவதற்கு முன் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள், அந்தக் குளிசை அட்ரினலினை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம், நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஒரு தடவை உடம்பு முழுக்க எதிர்ப்புக் காட்டியவருக்குத் தேனீ விஷத்தையே துளித் துளியாக 3 முதல் 5 வருடம் ஊசியில் ஏற்றிப் பழக்குகிற சிகிச்சை ஒன்று உண்டு, ஒவ்வாமை பார்க்கிற வைத்தியரிடம் விசாரியுங்கள்.

தனியாகப் பெட்டி திறக்காதீர்கள், கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும், போனில் சார்ஜ் இருக்கட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பண்டாரவளை பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு இருக்கிறது, அங்கே போய் ஒரு தடவை பெட்டி திறப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள், முதல் கொட்டை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது வாங்குவதுதான் பாதுகாப்பு.

அண்ணனுடைய 5 பெட்டியும் இப்போது என் தோட்டத்தில்தான் நிற்கின்றன. அவர் பெட்டியைத் தொடுவதில்லை, டாக்டர் சொன்னதை மீறுவதில்லை. ஆனால் நான் மூடியைத் தூக்கும் நாளில் வந்துவிடுவார், தோட்டத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டு யன்னலுக்குள்ளே கண்ணாடியைச் சாத்திக்கொண்டு நிற்பார், அவ்வளவு தூரத்தில் சத்தம் எப்படிக் கேட்கிறதோ தெரியாது, நான் மூன்றாவது சட்டத்தில் கை வைக்கும்போது கண்ணாடியைத் தட்டுவார். மூடு என்று அர்த்தம். நான் மூடிவிடுவேன்.